தாய்மாமன் நீக்கத் திட்டம்

கம்சாயினிக்கு வேலை கிடைத்துவிட்டது. சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது.

ஏறாவூர் வாவிக்கரையில் மஜீட் ஹாஜியார் புதிதாக ஐஸ் கொம்பனி திறந்திருந்தார். சண்டை முடிந்து ஒரு வருடம். வாவி இறாலும் நண்டும் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. அவற்றை எண்ணி, நிறுத்து, குளிர் அறைக்குள் அடுக்கி, கொழும்பு லொறிக்கு ஏற்றிவிட நம்பிக்கையான ஓர் ஆள் வேண்டும். கம்சாயினி இடம்பெயர்ந்தோர் முகாமில் நிவாரணக் களஞ்சியம் பார்த்தவள். அரிசி மூட்டைக்கும் ஆள் கூட்டத்துக்கும் நடுவில் நின்று பழகியவள். யாரோ சொல்ல, போய் நின்றாள்.

ஹாஜியார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"மகள், லொறிக்காரன் ஒரு பெட்டி குறையுது எண்டு சண்டை பிடிச்சா என்ன செய்வீங்க?"

"அவன்ட லொறிக்குள்ள ஏறிப் பார்ப்பன், ஹாஜியார்."

"திங்கக்கிழமை வாங்க."

முடிந்தது. கம்சாயினி வாசலைத் தாண்டவில்லை, ஹாஜியார் திரும்பக் கூப்பிட்டார்.

"ஒண்டு மட்டும் மகள். டவுனில பயிற்சி குடுக்கிற நிலையத்தில, 'இவவ வேலைக்கு எடுக்கலாம்' எண்டு எழுதி ஒரு துண்டு தருவாங்க. அத எடுத்திற்று வாங்க. எனக்கு ஐஸ் மெசின் தந்தது அவங்கட திட்டம். அவங்கட துண்டு இல்லாம ஆள் எடுத்தா மெசினக் கழட்டிருவாங்களாம்."

ஒரு துண்டுதானே என்று நினைத்தாள் கம்சாயினி. பாவம்.

அவளுக்கு அந்த வேலை ஏன் அவ்வளவு அவசரம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கதிரவெளியில் அப்பாவைக் கடல் கொண்டு போனது. இரண்டு வருடம் கழித்து வீட்டைச் சண்டை கொண்டு போனது. இப்போது செங்கலடியில் தாய்மாமன் வீட்டோரம் இறக்கிய பத்தியில் அவளும் அம்மாவும் ஒண்டியிருக்கிறார்கள். மிச்சம் இருக்கிற அம்மாவையும் ஏஜென்ஸிக்காரன் கேட்டு நிற்கிறான். அம்மா சீதேவிப்பிள்ளையின் பாஸ்போட் ஏற்கனவே அவனுடைய மேசை லாச்சிக்குள். குவைத்தில் ஒரு வீடு, எட்டுப் பேர், ஒரு பணிப்பெண்.

"உனக்கு வேலை சரிவந்தா நான் போகமாட்டன்," என்றாள் சீதேவிப்பிள்ளை. "வராட்டி ஆவணிக்குள்ள ஏறிருவன். நாளைக்கு மருமகன்மாரும் வாற வீடு இது. எத்தின நாளைக்குத் தம்பிட பத்திக்குள்ள கிடக்கிற?"

ஆகவே, துண்டு.

நிலையம் மட்டக்களப்பு டவுனில், ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்தது. 'தொழிற்சந்தைத் திறன் இடைவெளி இனங்காணல், அளத்தல் மற்றும் நிரப்பல் நிலையம்' என்ற பெயர்ப்பலகை முன்சுவரில் தொடங்கி, மூலை திரும்பி, பக்கத்து ஒழுங்கையில் முடிந்தது. ஒழுங்கையால் வருகிறவர்களுக்கு 'நிரப்பல் நிலையம்' மட்டும் தெரியும். பெற்றோல் கேட்டு ஆட்கள் மாடி ஏறி வருவதுண்டு. அவர்களையும் பதிவு செய்துகொள்வார்கள்.

கம்சாயினி தனியாகப் போகவில்லை. கூடவே தாய்மாமன் வினாயகமூர்த்தியும் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். இதை நாம் கவனத்தில் வைக்க வேண்டும். ஏனென்றால் நிலையம் கவனித்துவிட்டது.

பணிப்பாளர் அழகரத்தினம் குளிரூட்டிய அறைக்குள் கழுத்துப்பட்டியோடு இருந்தார். முதலில் ஓர் அறிமுக உரை. யார் வந்தாலும் அந்த உரை உண்டு. தேநீர் கொண்டுவரும் பெண்ணுக்கு அது மனப்பாடம்.

"சண்டை முடிஞ்சுது. சமாதானம் வந்திருக்கு. சமாதானம் வந்தா தொழிற்சந்தை வரும். தொழிற்சந்தை வந்தா திறன் இடைவெளி வரும். இடைவெளி வந்தா நாங்க வருவம்."

"வேலை எப்ப சேர் வரும்?" என்று கேட்டார் வினாயகமூர்த்தி.

"அது வேற திட்டம்."

பிறகு மாதிரி நேர்முகப் பரீட்சை. மேசைக்கு அந்தப் பக்கம் பணிப்பாளர். அவர் அருகே இணைப்பாளர் நிலோஜன், மடிக்கணினியோடு. இந்தப் பக்கம் கம்சாயினி. அறையின் மூலையில் ஒரு கதிரையில் வினாயகமூர்த்தி.

"உங்களப் பற்றிச் சொல்லுங்க," என்றார் பணிப்பாளர்.



ஹாஜியார் லொறியைப் பற்றிக் கேட்டார், கம்சாயினி பதில் சொன்னாள். இந்த மனிதர் அவளையே பற்றிக் கேட்கிறார். தன்னைப் பற்றித் தானே புளுகுவதா? ஒரு பெண்பிள்ளையைக் குறித்துச் சபையில் பேச வேண்டுமென்றால் அதற்கென்று ஓர் ஆள் இருக்கிறாரே. கலியாணப் பேச்சானாலும் காணிப் பேச்சானாலும் கோயில் பேச்சானாலும் வாவிக்கரையில் முதலில் வாய் திறக்கிறவர் தாய்மாமன். கம்சாயினி மெல்லத் திரும்பி மூலையைப் பார்த்தாள்.

வினாயகமூர்த்தி அந்தப் பார்வைக்காகவே காத்திருந்தவர் போலக் கதிரையை இழுத்து முன்னுக்குப் போட்டார். மடியிலிருந்து வெற்றிலைச் சரையை எடுத்துப் பணிப்பாளர் பக்கம் தள்ளினார்.

"எடுங்க சேர். பேச வேண்டிய ஆள் நான்தான்."

தாய்வழிக் குடியின் பெயரில் தொடங்கினார். கோயில் திருவிழாவில் அந்தக் குடிக்கு எத்தனையாம் நாள் என்று சொன்னார். கம்சாயினியின் தகப்பன் எப்பேர்ப்பட்ட நீச்சல்காரன், அப்படிப்பட்டவனையே கடல் எப்படி ஏமாற்றியது என்று சொன்னார். மறுகா, மருமகளுக்கு வந்தார்.

"நாங்க மறைச்சுப் பேசுற ஆக்கள் இல்ல சேர். புள்ளைக்குக் கொஞ்சம் கோபம் வரும். அது தகப்பன்ட பக்கம். மற்றும்படி கை சுத்தம். முகாமில ரெண்டு வருசம் களஞ்சியத் திறப்பு இவள்ட கையில. ஒரு பருப்பு மூட்டை குறைஞ்சதில்ல. இனி உங்கட பக்கத்தச் சொல்லுங்க. கொம்பனி எப்படி? இந்த இடத்துக்கு வேற எங்கயும் பேசி முடிச்சிருக்கா? பிறகு புள்ளைட பேர் கெடக்கூடாது பாருங்க."

பணிப்பாளர் வெற்றிலைச் சரையை ஒரு விரலால் தள்ளிவைத்தார்.

"நிலோஜன்," என்றார் பணிப்பாளர் தாழ்ந்த குரலில். "இது என்ன?"

"தாய்மாமன், சேர்."

"எல்லாருக்கும் இருக்கா?"

நிலோஜன் எழுந்து போய்க் கதவைத் திறந்தான். வெளியே நீள வாங்கில் வரிசையாகப் பெண்பிள்ளைகள். ஒவ்வொருத்திக்குப் பக்கத்திலும் ஒரு தாய்மாமன். ஒவ்வொரு தாய்மாமன் மடியிலும் ஒரு வெற்றிலைச் சரை.

பணிப்பாளருடைய முகம் மெல்ல மலர்ந்தது. புதையலைத் தோண்டியவன் முகம் அப்படித்தான் மலரும்.

"கண்டுபிடிச்சிட்டம்," என்றார். கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தார். "ஓம் சேர், புது இடைவெளி. இதுவரைக்கும் உலகத்தில ஒருத்தரும் அளக்காத இடைவெளி. தாய்மாமன் சார்பு நிலை. ஓம், அளவு கணக்கில பெரிசு. நிரப்ப ஏலும் சேர். முதல்ல மாமாவ எடுக்க வேணும்."

அந்த மாதம் முடிவதற்குள் பணம் வந்தது. தாய்மாமன் நீக்கத் திட்டம் என்று பெயர் வைத்தார்கள். பதாகை அடித்தார்கள். அதில் ஒரு பெண் நிமிர்ந்து நிற்க, பின்னால் ஒரு மாமா மங்கலாகிக்கொண்டு போனார்.

"சேர், என்ட துண்டு?" என்று கேட்டாள் கம்சாயினி.

"உங்கட பேருக்கு நேர சிவப்புக் காட்டுது தங்கச்சி. மாமா நீங்கினதும் பச்சையாகும்."

பயிற்சி கல்லடி வாவிக்கரையில் நடந்தது. பெண்கள் வரிசையாகத் தண்ணீரைப் பார்த்து நின்று, "நான் கெட்டிக்காரி! என்னால் முடியும்!" என்று கத்த வேண்டும். முதல் நாள் மாமா பக்கத்தில் நிற்கலாம். அடுத்த நாள் பின்னால். அதற்கடுத்த நாள் றோட்டுக்கு அந்தப் பக்கம். நிலோஜன் நாடா பிடித்து அளந்து எழுதினான். மாமாவுக்கும் மருமகளுக்கும் இடையே எவ்வளவு தூரமோ அவ்வளவு திறன். இதற்குத் தூரமாக்கல் முறை என்று பெயர்.

தூரம் போதவில்லை. கடைசியில் மாமாமாரைத் தோணியில் ஏற்றி வாவியின் மறுகரையில் கொண்டுபோய் இறக்கினார்கள்.

"நான் கெட்டிக்காரி!" என்று இந்தக் கரையிலிருந்து பெண்கள் கத்தினார்கள்.

"ஓம் புள்ள! அப்பிடித்தான்! பயப்படாத!" என்று அந்தக் கரையிலிருந்து மாமாமார் கத்தினார்கள்.

பணிப்பாளர் தலையில் கை வைத்தார். நிலோஜன் 'பின்னடைவு' என்று எழுதினான்.

நடுவாவியில் வலை போட்டுக்கொண்டிருந்த கோணாமலைக்குப் பொறுக்கவில்லை. தோணியில் எழுந்து நின்றார்.

"என்னகா இது? ரெண்டு கரையிலயும் நிண்டு கத்தினா மீன் எங்க போற? ஆருக்கும் பேய் புடிச்சிருந்தா கோயிலுக்குக் கொண்டு போங்களன்!"

அவரையும் பதிவு செய்தார்கள். 'சமூக எதிர்ப்பு' என்ற தலைப்பில்.

அடுத்த சிக்கல் எங்கிருந்து வந்தது தெரியுமா? மாமா இல்லாத பெண்களிடமிருந்து.

அப்படியும் பலர் வந்திருந்தார்கள். வாகரைப் பக்கத்திலிருந்து வந்த ஆர்த்திகா முதல் நாளே கேட்டதற்கெல்லாம் டக் டக்கென்று பதில் சொன்னாள். தன் பெயர், தன் படிப்பு, தனக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, எவ்வளவு சம்பளம் வேண்டும் எல்லாம்.

"உங்கட மாமா எங்க?" என்று கேட்டார் பணிப்பாளர்.

"ரெண்டு பேர் இருந்தாங்க சேர். மூத்தவர சுனாமி கொண்டு போயிற்று. மற்றவர் கடைக்குப் போயிற்று வாறன் எண்டு போனவர். இன்னும் வரல்ல. நான் தனியத்தான் எல்லா இடமும் போய்ப் பேசுற. எனக்குத் துண்டத் தாங்களன்."

பணிப்பாளர் உண்மையாகவே வருத்தப்பட்டார். அதை மறைக்கவும் இல்லை.

"அதுதான் தங்கச்சி பிரச்சினை. நீங்க எங்கட திட்டம் தொடங்க முந்தியே நிரப்பிட்டீங்க. அத நாங்க எப்பிடி எங்கட வெற்றி எண்டு காட்டுற? மாமா இருந்தாத்தானே நீக்கலாம்."

"இல்லாத மாமாவுக்கு நான் எங்க போற?"

"நிலையம் தரும்."

இப்படித்தான் வினாயகமூர்த்தி 'வழங்கப்பட்ட மாமா' ஆனார். திட்டத்தின் சேட்டு, தொப்பி, கழுத்தில் ஓர் அட்டை. சம்பளம் இல்லை. பகலைக்குச் சோத்துப் பார்சல். எல்லா மாமாமாரிலும் நன்றாகப் பேசியவர் என்பதால் அவரையே தேர்ந்தார்கள். மருமகளுக்குத் துண்டு வேண்டும், நிலையத்தாரைப் பகைக்கக்கூடாது என்று அவரும் ஓம் என்றார்.

அவர் வேலையைப் பொய்யாகச் செய்யத் தெரியாத மனிதர். மாமா இல்லாத ஒவ்வொரு பிள்ளையையும் பக்கத்தில் இருத்திக் குடி கேட்டார், தகப்பன் கேட்டார், என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். ஆர்த்திகாவுக்காகச் சபையில் பேசத் தொடங்கியவர், "இந்தப் புள்ளைக்கு ஆரும் இல்ல எண்டு நினைக்காதீங்க சேர், நான் இருக்கன்," என்று சொல்லி, முடிக்க முடியாமல் தொப்பியால் கண்ணைத் துடைத்தார். ஆர்த்திகா அதுவரை டக் டக்கென்று பேசியவள். அன்று அவருடைய சேட்டு நுனியைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

"அருமை!" என்றார் பணிப்பாளர். "சார்பு நிலை உருவாகிட்டுது. இப்ப நீக்கலாம்."

அடுத்த கிழமை அவரைத் தோணியில் ஏற்றினார்கள். ஆர்த்திகாவுக்கு மூன்றாவது மாமாவும் போனார். இந்த முறை நாடா பிடித்து, முறைப்படி.

ஆடி மாதம் முடியும் நேரம் கம்சாயினிக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஆனால் முதலிடம் அவளுக்குத்தான். கடைசி நேர்முகத்தில் நேராக நிமிர்ந்து இருந்து, மூலையைப் பார்க்காமல் சொன்னாள்:

"நான் கம்சாயினி. களஞ்சியம் பார்க்கத் தெரியும். எனக்கு வேலை இருக்கு. நீங்கதான் என்னை மறிச்சு வச்சிருக்கீங்க. துண்டத் தாங்க."

எல்லாரும் கைதட்டினார்கள். பணிப்பாளர் எழுந்து நின்று தட்டினார்.

"பாருங்க என்ன துணிவு! வந்த அண்டைக்கு வாயே திறக்காத புள்ள!"

நிலோஜன் கணினியைத் தட்டினான். மறுபடி தட்டினான்.

"சேர், சிவப்பு."

"ஏன்?"

"நிலைய ஊழியரின் நெருங்கிய உறவினருக்குத் துண்டு வழங்கக்கூடாது. இவட தாய்மாமன் எங்கட ஊழியர்."

வினாயகமூர்த்தி தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். கழுத்து அட்டையைக் கழற்றினார். சேட்டுப் பொத்தானில் கை வைத்தபோது நிலோஜன் தடுத்தான்.

"அண்ணன், விலகினாலும் ஒரு வருசம் போக வேணும். விதி."

"சம்பளமே தரல்லயே மனே! சோத்துப் பார்சல்தானே தந்த! அதில மீன் துண்டும் இல்ல!"

"அதால உங்கள தன்னார்வ ஊழியர் எண்டு போட்டிருக்கம். தன்னார்வம் எண்டாலும் ஊழியர்தானே."

"அப்ப நான் இவள்ட மாமா இல்ல எண்டு எழுதுங்க! நீங்கதானே நீக்கின! வாவிக்கு அங்கால கொண்டுபோய் விட்ட நீங்க!"

பணிப்பாளர் பொறுமையாகப் புன்னகைத்தார். "நாங்க நீக்கின மாமாட தாக்கத்த, அண்ணன். மாமாவ இல்ல."

செய்தி ஏறாவூருக்குப் போக, மஜீட் ஹாஜியாரே மோட்டார் சைக்கிளில் வந்து மாடி ஏறினார். மூச்சு வாங்கினார்.

"பணிப்பாளர், அல்லாட பேரால கேக்கன். பெட்டி எண்ண ஆளில்ல. லொறிக்காரன் கண்ணுக்கு முன்னால களவெடுக்கான். அந்தப் புள்ளைய அனுப்புங்க. அவக்கும் வேலை வேணும், எனக்கும் ஆள் வேணும். நடுவில நீங்க என்ன செய்றீங்க?"

பணிப்பாளர் ஹாஜியாரை இருத்தினார், தேநீர் வரவழைத்தார். பிறகு அவர் பேசியதைத்தான் அப்படியே சொல்கிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"ஹாஜியார், ஒளிக்காமச் சொல்றன். இந்த மாவட்டத்தில எங்கட பதிவில இருக்கிற உண்மையான வெற்றிடம் உங்கட ஒண்டுதான். வெளிநாட்டு ஆக்கள் வந்தா நாங்க அதைத்தான் காட்டுற. வேலை இருக்கு, ஆள் இல்ல, அதால இடைவெளி, அதால திட்டம். நூற்றுக்கணக்கான புள்ளைகள் பயிற்சி எடுக்கிறது உங்கட அந்த ஒரு கதிரைய நம்பித்தான். எங்கட ஊழியர் எல்லாருக்கும் குடும்பம் இருக்கு. நாளைக்கு அதில ஒரு ஆள் போய் இருந்திட்டா, நாங்க எல்லாரும் எங்க போற?"

ஹாஜியார் கதிரையை முன்னுக்கு இழுத்தார்.

"நான் துண்டில்லாம எடுத்தா?"

"மெசினக் கழட்டுறது எனக்கும் விருப்பமில்ல."

மெசின் போனால் அங்கே ஐஸ் உடைக்கிற, பெட்டி கழுவுகிற பிள்ளைகளுக்கும் வேலை போகும். ஹாஜியார் தேநீரைத் தொடாமல் எழுந்தார். படிக்கட்டில் நின்ற கம்சாயினியைத் தாண்டிப் போகும்போது, "மன்னியுங்க மகள்," என்றார். அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை.

ஆவணி பிறந்தது.

சீதேவிப்பிள்ளையின் நேர்முகம் ஏஜென்ஸிக்காரனின் கடைக்கு முன்னாலேயே, நின்றபடி நடந்தது. பாஸ்போட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டான்.

"பிள்ள பெரிசா?"

"ஓம்."

"இடுப்பு நோ கிடக்கா?"

"இல்ல."

இருந்தது. பேசுவதற்கு மாமாவும் வரவில்லை, பயிற்சியும் இல்லை. அவனுக்கு அவளைப் பற்றி வேறு ஒன்றும் தெரிய வேண்டியிருக்கவில்லை. "வியாழக்கிழமை கொழும்பு பஸ்," என்றான்.

அம்மா போவதை நிலையத்துக்கு யார் சொன்னார்கள் என்று தெரியாது. வியாழக்கிழமை காலை செங்கலடிச் சந்தியில் கம்சாயினியும் அம்மாவும் பையோடு நிற்கும்போது, வெள்ளை வான் ஒன்று வந்து நின்றது. கம்சாயினி அம்மாவின் கையைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தாள். சண்டைக் காலத்தில் ஆட்களைக் கடத்திக்கொண்டு போனது வெள்ளை வான்தான். கதவு திறந்து பணிப்பாளர் இறங்கினார். பின்னால் நிலோஜன், வீடியோ கமராவோடு. அதற்குப் பின்னால் பதாகையைச் சுமந்துகொண்டு, தலை குனிந்தபடி, சேட்டும் தொப்பியும் போட்ட வினாயகமூர்த்தி. அவரை விலக விடவில்லை. விலகல் பயிற்சி முடித்தால்தான் விலகலாமாம்.

"வாழ்த்துக்கள்!" என்றார் பணிப்பாளர். "எங்கட திட்டத்தால பயனடைஞ்ச குடும்பம். மாமாவுக்கு நிலையத்தில இடம், அம்மாவுக்கு வெளிநாட்டில வேலை. ஒரே வீட்டில ரெண்டு! கொழும்பில சந்தோசப்படுறாங்க. தங்கச்சி, இனி நீங்களும் தகுதி. வெளிநாடு போனவங்கட குடும்பத்துக்கு எண்டு வாற மாசம் ஒரு பயிற்சி தொடங்குறம்."

"சேர்," என்றாள் கம்சாயினி. "அம்மா போறது எனக்கு வேலை கிடைக்காததால."

"அத வீடியோவில சொல்லத் தேவையில்ல."

பஸ் தூரத்தில் தெரிந்தது. பணிப்பாளர் அவசரமானார். சீதேவிப்பிள்ளையைப் பதாகைக்கு முன்னால் நிறுத்தினார்.

"அம்மா, கமராவப் பாத்து, சிரிச்சுக்கொண்டு, 'போயிற்று வாறன்' எண்டு சொல்லுங்க. அவ்வளவுதான்."

"போயிற்று வாறன்," என்றாள் சீதேவிப்பிள்ளை.

"காத்துச் சத்தம் சேர்," என்றான் நிலோஜன்.

"இன்னொருக்கா அம்மா. கொஞ்சம் உரக்க."

"போயிற்று வாறன்."

"கண்ணத் துடைச்சிற்று, அம்மா. சிரிக்க வேணும். வேலை கிடைச்ச ஆள் நீங்க."

பஸ் வந்து நின்றது. கொண்டக்டர் கத்தினான். ஆட்கள் முண்டியடித்தார்கள். சீதேவிப்பிள்ளை முந்தானையால் முகத்தைத் துடைத்து, கமராவைப் பார்த்து, சிரித்தபடி மூன்றாம் முறையும் சொன்னாள்.

"சரி சேர், இது நல்லா வந்திருக்கு," என்றான் நிலோஜன்.

கொண்டக்டர் பையைப் பிடித்து உள்ளே எறிந்து, அவளையும் கையைப் பிடித்து ஏற்றினான். பஸ் வெளிக்கிட்டது. பின் கண்ணாடிக்கு அங்கால் நின்றவர்களின் முதுகுகள் மட்டும் தெரிந்தன. வினாயகமூர்த்தி பதாகையைப் போட்டுவிட்டுக் கொஞ்சத் தூரம் பின்னால் ஓடினார்.

கம்சாயினி நின்ற இடத்திலேயே நின்றாள். அம்மா அவளிடம் 'போயிற்று வாறன்' என்று சொல்லவில்லை.